அணங்கும் ஆவணமும்: ‘மர்மர்’ திரைப்படத்தை முன்வைத்துக் கண்டெடுத்த காட்சிப்பதிவுத் திகில் படங்களின் நடப்பியல்

ஆய்வுச்சுருக்கம்

கதைமாந்தரே படம்பிடித்து, அவர்கள் மறைந்தபின் பிறர் கையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் காட்சித் தொகுப்பு ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ எனப்படுகிறது. இவ்வகைத் திகில் படங்கள் தரும் மெய்போன்ற தோற்றம், நடுங்கும் கேமராவினால் மட்டும் அமைவதன்று. உண்மையான ஊர், மலை, மக்கள், வழிபாடு ஆகியவற்றின் நம்பகத்தன்மையை இப்படங்கள் கடனாகப் பெறுகின்றன. 2025இல் வெளியான ‘மர்மர்’ என்னும் தமிழ்ப் படத்தை மையமாகக் கொண்டு, அக்கடன் எவ்வாறு பெறப்படுகிறது, யார் அதைத் திருப்பிச் செலுத்துகிறார்கள் என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சத்தின் நான்கு நிலைக்களன்களும், காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகமும் மதிப்பீட்டிற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திகில் திரைப்படம், நடப்பியல், மெய்ப்பாடு, அணங்கு, ஜவ்வாது மலை, காரைக்கால் அம்மையார்

1. முன்னுரை

தமிழ்த் திரையில் பேய்க்குப் பஞ்சம் இருந்ததில்லை. 2010களின் நடுப்பகுதியில் நகைச்சுவையோடு கலந்த பேய்ப்படங்கள் தனியொரு வணிக வகையாகவே நிலைபெற்றன. இந்தப் பேய்கள் பின்னணி இசையின் அறிவிப்போடு வந்தன. முன்கதை சொல்லிப் பழிதீர்த்துப் போயின. அவற்றைக் கண்டு அஞ்சிய பார்வையாளரும், தாம் காண்பது படம் என்பதை ஒரு கணமும் மறந்திலர்.

இம்மரபிலிருந்து விலகிய முயற்சியாக 2025 மார்ச் மாதம் ஹேம்நாத் நாராயணன் இயக்கிய ‘மர்மர்’ வெளியானது. தமிழின் முதல் கண்டெடுத்த காட்சிப்பதிவுத் திகில் படம் என அது விளம்பரப்படுத்தப்பட்டது. அமானுஷ்யத்தைப் பதிவு செய்ய விரும்பும் யூடியூப் குழுவொன்று ஜவ்வாது மலைக்குச் செல்கிறது. கன்னித் தெய்வங்கள் பற்றிய தொன்மமும், மங்கை என்னும் பெண்ணின் ஆவி பற்றிய செவிவழிக் கதையும் அவர்களை ஈர்க்கின்றன. அவர்கள் கொண்டுசென்ற கேமராக்கள் பதிவு செய்தனவே பார்வையாளர் முன் படமாக விரிகின்றன.

இப்படம் அச்சுறுத்துகிறதா என்பது விமரிசனங்கள் வழக்கமாக எழுப்பும் வினா. ஆய்வு நோக்கில் அதனினும் முதன்மையானது வேறொரு வினா. ஜவ்வாது மலை வரைபடத்தில் உள்ள மலை. அங்கு மக்கள் வாழ்கின்றனர். ஒரு கற்பனைக் கதை தன்னை ஆவணம் என்று அறிவித்துக்கொண்டு அம்மலையின் பெயரைச் சூடும்போது, படம் ஈட்டும் நம்பகத்தன்மை எங்கிருந்து வருகிறது?

2. குறையே சான்றாதல்

இவ்வகையின் அழகியல் தலைகீழானது. பொதுவான திரைப்படத்தில் குறையாகக் கருதப்படும் கலங்கிய காட்சி, சரிந்த சட்டகம், தெளிவற்ற ஒலி, பாதியில் அறுந்த உரையாடல் ஆகியவை இங்குச் சான்றுகளாகின்றன. காட்சி எந்த அளவுக்குச் செம்மையற்றதோ அந்த அளவுக்கு அது திட்டமிடப்படாதது என்ற எண்ணம் பார்வையாளரிடம் எழுகிறது. திட்டமிடப்படாதது உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு மனம் தானே சென்றுவிடுகிறது.

இந்நுட்பத்தை விளக்கத் தமிழ் இலக்கணத்தில் பொருத்தமான சொல் உண்டு. மெய்ப்பாட்டியல் உரையாசிரியர்கள் சுவை நிகழ்வை நான்காகப் பகுத்துக் காட்டுவர்: சுவைக்கப்படும் பொருள், அதை உணரும் உணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல். புலியைக் கண்டவனின் வியர்வையும் நடுக்கமும் விறல் ஆகும். வழக்கமான திகில் படத்தில் விறல் நடிப்பவரின் உடலில் தோன்றுகிறது. கண்டெடுத்த காட்சிப்பதிவிலோ அஞ்சுபவரே கேமராவைப் பிடித்திருப்பதால் அவர் உடல் திரையில் இல்லை. ஆகவே அவருடைய நடுக்கம் சட்டகத்தின் நடுக்கமாகவும், அவருடைய ஓட்டம் நிலமும் வானும் புரளும் காட்சியாகவும், அவருடைய மூச்சு ஒலித்தடமாகவும் இடம் மாறுகின்றன. விறல் உடலை விட்டுப் படத்தின் வடிவத்திற்கே பெயர்ந்துவிடுகிறது. முகம் காட்டாமலேயே அச்சத்தைக் காட்டும் ஆற்றல் இவ்வாறு பிறக்கிறது.

டேனியல் மைரிக், எடுவார்டோ சாஞ்சஸ் ஆகியோர் இயக்கிய ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ (1999) இதனை நிறுவிக் காட்டியது. நடித்த மூவரும் தாமே படம்பிடித்தனர். திரையில் தம் சொந்தப் பெயர்களையே தாங்கினர். படத்தில் சூனியக்காரி ஒருபோதும் காட்டப்படுவதில்லை. நிலவறை ஒன்றின் மூலையில் சுவரை நோக்கி நிற்கும் மனிதனோடு படம் முடிந்துவிடுகிறது.

ஓரன் பெலியின் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ (2007) எதிர்த்திசையில் சென்றது. ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் இயக்குநரின் சொந்த வீட்டிலேயே எடுக்கப்பட்ட அப்படத்தின் முதன்மையான இரவுக் காட்சிகளில் கேமரா முக்காலி மேல் அசையாமல் நிற்கிறது. கட்டிலில் இருவர் உறங்குகின்றனர். மூலையில் நேரம் ஓடுகிறது. ஒரு கதவு சிறிது நகர்கிறது. அசையாத கேமராவுக்கு விறல் இல்லை. அது உணர்ச்சியற்ற சாட்சி. அதனாலேயே நடுக்கம் முழுவதும் பார்ப்பவர் உடலுக்கு வந்து சேர்கிறது.

இந்தியச் சூழலில் பதிவுக்கருவியின் கண்ணே கதைசொல்லியாதல் திகிலுக்கு வெளியிலும் நிகழ்ந்துள்ளது. திபாகர் பானர்ஜியின் ‘லவ் செக்ஸ் அவுர் தோக்கா’ (2010) கைக்கேமரா, கடைக் கண்காணிப்புக் கேமரா, மறைகேமரா ஆகியவற்றின் வழியே மூன்று கதைகளைச் சொன்னது. ‘ராகினி எம்எம்எஸ்’ (2011) மறைகேமராக்கள் பொருத்தப்பட்ட வீட்டில் பேயைப் புகுத்தியது. தமிழில் ‘யாவரும் நலம்’ (2009) ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொலைக்காட்சித் தொடர் முன்கூட்டியே காட்டும் விந்தையையும், ‘மாயா’ (2015) திகில் படம் பார்க்கச் செல்பவள் அப்படத்திற்குள்ளேயே அகப்படுவதையும் கூறின. திரையே அச்சத்தின் வாயில் என்னும் எண்ணம் தமிழ்ப் பார்வையாளருக்குப் பழக்கமானதே. ‘மர்மர்’ கூட்டிய புதுமை, திரைக்கும் பார்வையாளருக்கும் நடுவே நின்ற கதைசொல்லியை முற்றிலும் நீக்கியதாகும்.

3. பெயரின் நம்பகம்

வடிவத்தின் குறைகள் மட்டும் மெய்த்தோற்றத்தை உருவாக்கிவிடுவதில்லை. நடுங்கும் கேமரா கற்பனைக் கோளொன்றைக் காட்டினால் எவரும் அதை ஆவணமாக நம்பார். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் சேரும்போதே பதிவு சான்றாகிறது.

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டப்பட்டால் பாடல் அகத்திலிருந்து விலகிப் புறமாகிவிடும். பெயர் என்பது வெறும் அடையாளம் அன்று. கூற்றின் தகுதியையே மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதைத் தமிழ்க் கவிதையியல் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்து புலனெறி வழக்கமாகும் என்ற கொள்கையிலும் எவரையும் குறித்துச் சொல்லாமை என்னும் காப்பு அடங்கியுள்ளது. கண்டெடுத்த காட்சிப்பதிவு இக்காப்பை விலக்குகிறது. அது நாடக வழக்கை முழுவதும் மறைத்துத் தன்னை உலகியல் வழக்கு என்றே அறிவிக்கிறது. அறிவிப்புக்குப் பிணையாக உண்மைப் பெயர்களை வைக்கிறது.

பிணைக்கு வைக்கப்பட்டவர் அடைந்தவை வரலாற்றில் பதிவாகியுள்ளன. ருஜெரோ தியோடாட்டோவின் ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) இவ்வகையின் முன்னோடி. நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டனர் என்ற ஐயத்தால் இயக்குநர் இத்தாலியில் வழக்கைச் சந்தித்தார். அவர்கள் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க நேர்ந்தது. நடிகர்கள் மீண்டனர், படத்திற்காக உண்மையாகவே கொல்லப்பட்ட விலங்குகள் மீளவில்லை. அமேசான் பழங்குடியான யானோமாமோவின் பெயரும் மீளவில்லை; கற்பனைக் கொடூரங்களோடு அது பிணைக்கப்பட்டது. தம் பெயரைக் காக்க நீதிமன்றம் செல்ல இயக்குநருக்கு வாய்ப்பு இருந்தது. காட்டு மக்களுக்கு அது இல்லை.

‘பிளேர் விட்ச்’ கதை நிகழ்வதாகக் கூறப்பட்ட மேரிலாந்து மாநிலத்தின் பர்கிட்ஸ்வில் சிற்றூரும் இத்தகைய விளைவைச் சந்தித்தது. படத்தை உண்மையென நம்பியவர்களும் நம்ப விரும்பியவர்களும் அவ்வூரில் திரண்டனர். ஊர்ப்பெயர்ப் பலகைகள் திருடப்பட்டன. சூனியக்காரியின் கதை படத்திற்காகவே புனையப்பட்டது. அதன் தொல்லையோ ஊராருக்கு மெய்யாகவே வந்து சேர்ந்தது.

4. ஜவ்வாது மலையின் நான்கு அச்சங்கள்

‘மர்மர்’ படத்தை இப்பின்னணியில் வைத்து நோக்கவேண்டும். தமிழில் முன்மாதிரி இல்லாத வடிவத்தைத் துணிந்து கையாண்டதும், விண்மீன் நடிகரின்றி வடிவத்தையே நம்பியதும், யூடியூப் தலைமுறையின் பதிவு வேட்கையைக் கதைக்கருவாகக் கொண்டதும் அதன் தகுதிகள். எதைக் கண்டாலும் கேமராவை உயர்த்தும் கை இன்றைய தமிழ் வாழ்வின் மெய்யான கை. ஆபத்தின் நடுவிலும் ஏன் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது இவ்வகைப் படங்கள் அனைத்தையும் துரத்தும் வினா. பார்வை எண்ணிக்கையே வருவாயாக மாறிய காலத்தில் அதற்கு ஏற்கத்தக்க விடை கிடைத்துவிடுகிறது.

எனினும் அச்சத்தின் உள்ளடக்கம் வடிவத்தின் துணிவுக்கு ஈடுகொடுக்கவில்லை. தொல்காப்பியர் அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பதில் பேயும் பூதமும் உள்ளிட்ட வருத்தும் ஆற்றல்களைப் பேராசிரியர் அடக்குவார். விலங்கு என்பது கொடுவிலங்கு. கள்வர் தீத்தொழில் புரிவோர். இறை என்பதில் அரசர் முதலிய மேலோர் அடங்குவர். காணாததும் காட்டில் உள்ளதும் சமூகத்தில் உள்ளதும் அதிகாரத்தில் உள்ளதுமாகிய நான்கையும் ஒரே வரிசையில் வைத்தமை கருதத்தக்கது. பேயச்சமும் அரசச்சமும் ஒரே மெய்ப்பாட்டின் இரு பிறப்பிடங்கள் என்பதை அவ்வரிசை உணர்த்துகிறது.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவரும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் அம்மலையில்தான் உள்ளது. மனிதர் நுழையாத மந்திரக்காடு என்று அதனைக் கருத இடமில்லை.

அம்மலையின் அண்மைக்கால வரலாற்றில் பதிவான பேரச்சம் வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் அம்மாநிலச் சிறப்புக் காவல் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். செம்மரக் கடத்தலைத் தடுக்கும்போது நிகழ்ந்த மோதல் எனக் காவல்துறை கூறியது; அக்கூற்றை மனித உரிமை அமைப்புகள் கடுமையாக ஐயுற்றன. இறந்தோரில் பலர் ஜவ்வாது மலை உள்ளிட்ட திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். கூலிக்காகக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் இடைத்தரகரிடத்தில் கள்வரச்சம் உள்ளது. துப்பாக்கி ஏந்திய காவலில் இறையச்சம் உள்ளது. வழியெங்கும் காட்டின் அச்சம் உள்ளது. தொல்காப்பிய வரிசையில் அணங்கு நீங்கலாக மூன்றும் அங்கு ஒருங்கே நிற்கின்றன.

‘மர்மர்’ படத்தின் அச்ச மையமோ அணங்கு ஒன்றே. அணங்கைப் பேசுவது தவறன்று. திகில் படத்தின் உரிமை அது. ஆனால் மலையின் பெயரைப் பிணையாகப் பெற்ற படம், அம்மலை அறிந்த அச்சங்களை அணங்கின் பின்னே மறையவிடும்போது அதன் நடப்பியல் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. கேமரா தொடக்கம் முதல் இறுதிவரை நகரத்திலிருந்து வந்தவர்களின் கையிலேயே இருக்கிறது. மலையில் வாழ்வோர் எப்போதும் பார்க்கப்படுவோர்; பார்ப்போர் அல்லர். கன்னிமார் வழிபாடு தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் நீர்நிலைக்கரைகளில் அன்றாடம் நிகழ்வது. வழிபடுவோருக்கு அவர்கள் காவல் தெய்வங்கள். அத்தொன்மத்தை அச்சத்தின் வாயிலாக மட்டும் காண்பது, வந்துபோவோரின் கண்.

படம் யூடியூப் குழுவினரின் அத்துமீறலைத்தான் கண்டிக்கிறது. அவர்கள் அடையும் கேடு அதற்கான தண்டனையே என்று ஒரு மறுப்பு எழலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. புனிதத்தை மதியாதவர் அழிவர் என்ற நீதி இவ்வகைப் படங்கள் பலவற்றில் காணப்படுவதே. ஆயினும் அந்நீதியை வழங்கும் பொறுப்பு அணங்கிடமே விடப்படுகிறது. ஊரார் தம் குரலில் மறுத்துரைக்கும் வாய்ப்பு வடிவத்திலேயே இல்லை; கேமரா அவர்கள் கைக்கு மாறினால்தான் அது அமையும்.

5. காண்பாரும் காணப்படுவாரும்: திருவாலங்காட்டுச் சாட்சி

அச்சுறுத்தும் வெளியை நேர்நின்று கண்டவரின் கூற்றாகவே பாடும் மரபு தமிழுக்குப் பழையது. அம்மரபின் தலைசிறந்த சான்று சென்னையின் புறநகர் ரயில் தடத்திலேயே அமைந்துள்ளது. மின்தொடர் வண்டிகளின் பணிமனை உள்ள அண்ணனூரையும் அடுத்துள்ள ஆவடியையும் கடந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் தடத்தில் திருவாலங்காடு ஒரு நிலையம். காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகம் பாடியது அவ்வூர்ச் சுடுகாட்டை.

அப்பதிகம் பேய்மகளின் உடலை உறுப்புறுப்பாக விவரிக்கிறது: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட கணைக்கால். ஒரு பேய் கள்ளிக் கிளையில் காலை நீட்டிக் கொள்ளிக்கரியை மசித்துக் கண்ணுக்கு மை எழுதுகிறது. பிணத்தீ சுட்டதும் சினந்து புழுதியை அள்ளித் தீயை அவிக்கிறது. இன்னொரு பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயரிட்டுப் பாலூட்டிவிட்டுப் போகிறது. தாய் திரும்பாததால் அக்குழந்தை அழுது உறங்கிவிடுகிறது.

இக்காட்சிகளின் மெய்த்தன்மைக்குக் காரணம் தெளிவானது. புறங்காட்டை அம்மையார் வெளியிலிருந்து பார்க்கவில்லை. பதிக இறுதியில் தம்மைக் காரைக்காற்பேய் என்றே அறிவித்துக்கொள்கிறார். காண்பவரும் காணப்படுவாரும் ஓரினம். ஆகவே பேய்க்கும் பசி, ஒப்பனை, சூடு, தாய்மை, பிரிவு ஆகியன உண்டென்பது அவர் பார்வைக்குப் புலப்படுகிறது. அவர் பாடலில் இடப்பெயரும் உண்டு, ஆட்பெயரும் உண்டு. ஆனால் பிணையாக வைக்கப்பட்ட பெயர் அவருடையதே.

கண்டெடுத்த காட்சிப்பதிவுப் படங்களை இவ்வளவுகோலால் இரண்டாகப் பகுக்கலாம். தம் வீட்டை நோக்கிக் கேமராவைத் திருப்புவன ஒருவகை. பிறர் ஊரை நோக்கித் திருப்புவன மற்றொரு வகை. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ முதல்வகை. பிணையாக நின்றது இயக்குநரின் சொந்தப் படுக்கையறை. ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ இரண்டாம் வகையின் எல்லை. ‘மர்மர்’ இரண்டாம் வகையில் சேர்கிறது. முதல்வகைக்குச் செல்லும் விதையும் அதற்குள் உள்ளது. பதிவு செய்வோரின் வேட்கையே பேய் என்பதை அது தொட்டுச் செல்கிறது. அதைத் தொடர்ந்து சென்றிருந்தால் மலை தேவைப்பட்டிராது.

6. முடிவுரை

கண்டெடுத்த காட்சிப்பதிவுத் திகிலின் மெய்த்தோற்றம் இரு ஊற்றுகளைக் கொண்டது. அஞ்சுபவரின் விறல் சட்டகத்திற்குப் பெயர்தல் ஒன்று. உண்மைப் பெயர்களின் நம்பகம் கடனாகப் பெறப்படுதல் மற்றொன்று. முதலாவது கலைத்திறனால் அமைவது. இரண்டாவதற்கு விலை உண்டு. பெயருக்குரிய மக்களே அவ்விலையைச் செலுத்துகின்றனர். ‘மர்மர்’ முதலாவதில் தமிழுக்கு ஒரு தொடக்கத்தைத் தந்துள்ளது. இரண்டாவதில், பெயர் தந்த மலைக்கு அது ஈடு செய்யவில்லை.

இவ்வகையில் இனி வரும் தமிழ்ப் படங்களுக்குக் களம் தொலைவில் இல்லை. கண்காணிப்புக் கேமராக்களைச் சென்னைப் பெருநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் பரப்பியது. தெருமுனையிலும் கடைவாயிலிலும் அடுக்ககப் படிக்கட்டிலும் அக்கண்கள் இமையாமல் விழித்துள்ளன. ஆலங்காட்டு ஆடவல்லானுக்கு உரிய பெயரை இன்று ஒரு கருவி தாங்கியிருப்பதில் உள்ள அச்சத்தைத் தமிழ்த் திரை இன்னும் முழுமையாக எழுதவில்லை. அண்ணனூர் போன்ற புறநகரில் இரவின் கடைசி வண்டியிலிருந்து இறங்கித் தனியே நடக்கும் பெண்ணுக்குக் கள்வரச்சம் உண்டு. தன்னை யார் பார்க்கிறார் என்று அறியாத இறையச்சமும் உண்டு. அவளைப் படம்பிடிப்பதினும் அவள் கையில் கேமரா இருப்பதே முதன்மையானது. அவள் கண்டதை அவளே காட்டும்போது, தொல்காப்பியர் வகுத்த நான்கு அச்சங்களும் ஒரே சட்டகத்திற்குள் வந்து சேரக்கூடும்.